‘காய்ந்துவிட்டது’ என்றால் என்ன? பிரஷ் கழுவுவதும் மிச்ச பெயிண்டைக் காப்பதும்

போன தீபாவளிக்கு ஹால் சுவருக்கு நானே சாயம் அடித்தேன். முடிக்கும்போது இரவு 11 மணி. பிரஷைக் கழுவச் சோம்பல்பட்டு, பழைய மைலோ டின் ஒன்றில் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் கடைக்கு அலைந்ததில் மறந்தே போனது. இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், தண்ணீருக்குள் இருந்த நுனி இன்னும் கொழகொழவென்று இருந்தது. தண்ணீருக்கு மேலே, உலோகப் பட்டையை ஒட்டியிருந்த பகுதியோ பலகை போல விறைத்திருந்தது. டின்னின் அடியில் முட்டி நின்றதில் முடியெல்லாம் ஒரு பக்கமாக வளைந்து, தேய்ந்த துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது.

“தின்னர்ல போடுங்க தம்பி, எல்லாம் கழன்றுவிடும்” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். போட்டேன். விறைத்தது விறைத்தபடி இருக்க, ஈரமாக இருந்த பகுதியும் எலுமிச்சை பிழிந்த பால் போலத் திரிந்து, பபிள்கம் மாதிரி முடியோடு ஒட்டிக்கொண்டது. அதோடு அந்த பிரஷ் குப்பைக்குப் போனது.

அண்ணனைக் குறை சொல்ல முடியாது. அவர் வழக்கமாக அடிப்பது கதவுக்கு முன்னால் இருக்கும் இரும்பு கேட்டுக்கு. அந்த பெயிண்ட்டுக்கு அவர் சொன்னது சரிதான். குழப்பம் ஒரு சொல்லில் இருக்கிறது. நாம் எல்லாவற்றையும் ‘காய்ந்துவிட்டது’ என்றே சொல்கிறோம். கொடியில் போட்ட துணியும் காய்கிறது, கோலமும் காய்கிறது, சுவரும் காய்கிறது, கேட்டும் காய்கிறது. ஆனால் சுவரில் நடப்பதும் கேட்டில் நடப்பதும் வேறு வேறு வேலை. அந்த வித்தியாசம் பிடிபட்டால், எதை எதில் கழுவுவது, மிச்சத்தை எப்படி மூடி வைப்பது என்பதை யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

பெயிண்ட்டுக்குள் இருப்பவை

எந்த பெயிண்ட்டாக இருந்தாலும் அடிப்படையில் மூன்று பொருள்கள்.

முதலாவது நிறமி. நிறம் தரும் நுண்ணிய பொடி அது. வெள்ளைக்குப் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. இரண்டாவது பிணைப்பான். பொடியைச் சுவரோடு பிடித்து வைக்கும் பிசின். மூன்றாவது, இவ்விரண்டையும் பிரஷில் ஓடவைக்கும் திரவம். அது தண்ணீராகவோ தின்னராகவோ இருக்கும்.

அரிசி மாவுக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஈர மாவில் போட்ட கோலம் காய்ந்ததும் வெள்ளையாக நிற்கும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். பெயிண்ட் அப்படிப் போவதில்லை. காரணம் பிணைப்பான். சுவரில் என்றைக்கும் தங்கப்போவது நிறமியும் பிணைப்பானும்தான். திரவம் வெறும் வண்டி, கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடும். வண்டி போன பிறகு பிணைப்பான் என்ன செய்கிறது என்பதில்தான் இரண்டு வகை பெயிண்ட்டும் பிரிகின்றன.

சுவர் பெயிண்ட்: வடாம் காய்வது போல

வீட்டுச் சுவருக்கு அடிப்பது பெரும்பாலும் எமல்ஷன். எண்ணெய்த் துளிகள் தண்ணீரில் கலந்து நிற்கும் பால் போன்ற கலவையை அப்படிச் சொல்வார்கள். இங்கே எண்ணெய்த் துளிக்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அவைதான் பிணைப்பான்.

ஜவ்வரிசி வடாம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கூழில் ஜவ்வரிசி தனித்தனி முத்தாக நிற்கும். துணியில் ஊற்றி வெயிலில் வைத்தால், தண்ணீர் போகப் போக முத்துகள் நெருங்கி, அமுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாகிவிடும். பிறகு ஒரு முத்தை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. எமல்ஷனும் இப்படித்தான். தண்ணீர் ஆவியாகத் துகள்கள் நெருங்குகின்றன, நசுங்குகின்றன, கடைசியில் ஒன்றாக இணைந்து ஒரு மெல்லிய படலமாகின்றன. ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது: வடாமை ஊறவைத்தால் இளகிவிடும், இந்தப் படலம் இளகாது. துகள்கள் இணைந்தபின் தண்ணீருக்கு அங்கே வேலையில்லை.

என் மைலோ டின்னில் நடந்ததும் இதுதான். தண்ணீருக்குள் இருந்த நுனியில் துகள்கள் நெருங்க வழியில்லை, அதனால் அது இளகியே இருந்தது. தண்ணீருக்கு மேலே காற்று பட்ட இடத்தில் படலம் உருவாகிவிட்டது. தின்னரில் போட்டதும் நுனித் துகள்கள் மிதக்க முடியாமல் கட்டிக்கட்டியாகத் திரண்டன. பால் திரிவதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

தொட்டால் கையில் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆனால் படலம் முழு பலம் பெற இரண்டிலிருந்து நான்கு வாரம் வரை ஆகலாம். நம் சிங்கப்பூர்க் காற்றில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும், வெயில் ஏறிய பிற்பகலில் 60-க்குப் பக்கத்தில் இறங்கும். ஏற்கெனவே ஈரம் நிரம்பிய காற்றுக்குள் தண்ணீர் மெல்லத்தான் போகும். அதனால் மழை நாளில் இரண்டாம் பூச்சுக்கு அவசரப்படாதீர்கள். புதுச் சுவரை முதல் வாரத்திலேயே ஈரத்துணியால் அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம்.

கேட் பெயிண்ட்: குத்துவிளக்கின் பிசுக்கு போல

இரும்பு கேட், மரக்கதவு, ஜன்னல் கம்பி ஆகியவற்றுக்கு அடிக்கும் பளபளப்பான எனாமல் பெரும்பாலும் எண்ணெய் வகை. இதில் பிணைப்பான் எண்ணெயிலிருந்து செய்த பிசின், திரவம் தின்னர் அல்லது டர்பன்டைன்.

இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுப் பூஜை அலமாரியே போதும். நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றும் விளக்கை ஒரு மாதம் தேய்க்காமல் விட்டால் தட்டின் அடியில் ஒரு பிசுபிசுப்பு வரும். மூன்று மாதம் விட்டால் அது பழுப்பாகி, நகத்தால் சுரண்டினாலும் வராது. எண்ணெய் எங்கும் ஆவியாகிப் போய்விடவில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகிவிட்டன. இந்த மாற்றத்துக்குப் பெயர் ஆக்சிஜனேற்றம். தேங்காய் எண்ணெய் இப்படி இறுகுவதில்லை. ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும் இடங்கள் அதில் மிகக் குறைவு. நல்லெண்ணெயில் ஓரளவு உண்டு. ஆளிவிதை எண்ணெயில் நிறைய உண்டு, அதனால்தான் காலங்காலமாக மரத்துக்கும் ஓவியத்துக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

எனாமல் இதே வேலையை வேகமாகச் செய்கிறது. விரைவில் இறுகுவதற்கென்று உலோக உப்புகளையும் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். முதலில் தின்னர் ஆவியாகும், அப்புறம் பிசின் ஆக்சிஜனோடு சேர்ந்து வலையாகும். வலை பின்னி முடிந்தபின் தின்னரும் அதைப் பழையபடி கரைக்காது. விளக்குப் பிசுக்கைப் புது எண்ணெய் ஊற்றிக் கரைக்க முடியுமா?

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். சுவர் பெயிண்ட்டில் தண்ணீர் வெளியே போகிறது; கேட் பெயிண்ட்டில் ஆக்சிஜன் உள்ளே வருகிறது. இரண்டையும் இறுகுவதற்கு முன்னால் கழுவ வேண்டும், ஒன்றைத் தண்ணீரால், மற்றதைத் தின்னரால். இறுகிய பிறகு இரண்டுமே பழையபடி பெயிண்ட் ஆவதில்லை.

ஒரு எச்சரிக்கை. பளபளப்பாக இருப்பதெல்லாம் எண்ணெய் வகை இல்லை, இப்போது தண்ணீரில் கலக்கும் எனாமலும் கடைகளில் உண்டு. டின்னின் பின்புறம் எதைக் கொண்டு சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். டின் இல்லையென்றால், கோவிட் காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் கிருமிநாசினி ஜெல்லைப் பஞ்சில் தொட்டு, சாயம் பூசிய இடத்தில் மறைவான ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள். ஆல்கஹால் எமல்ஷன் படலத்தை இளக்கும். பஞ்சில் நிறம் ஏறினால் அநேகமாகத் தண்ணீர் வகை, ஏறாவிட்டால் எண்ணெய் வகை. முழங்கையில் காய்ந்த சுவர் பெயிண்ட்டையும் இதே ஜெல் எடுத்துவிடும்.

பிரஷ்: நுனியை விட வேர் முக்கியம்

பிரஷ் நுனியில் கெடுவதில்லை. முடி உலோகப் பட்டைக்குள் நுழையும் வேர்ப்பகுதியில்தான் கெடுகிறது. அங்கே பெயிண்ட் இறுகினால் முடி விரிந்துகொண்டே போகும், பிறகு நேர்க்கோடு வராது. அதனால் பிரஷின் பாதி உயரத்துக்கு மேல் பெயிண்ட்டில் முக்காதீர்கள்.

கழுவும் முன் பழைய செய்தித்தாளில் முன்னும் பின்னும் இழுத்து, முடிந்த அளவு பெயிண்ட்டை வெளியேற்றுங்கள். பலர் தாண்டிப்போகும் படி இது. பெயிண்ட் தாளுக்குப் போகப் போகக் கழுவ வேண்டிய தண்ணீர் குறையும். அப்புறம் ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும். முடியைக் கீழ்நோக்கிப் பிடித்து, பட்டையை ஒட்டிய இடத்தை விரலால் பிசையுங்கள். தெளிந்த தண்ணீர் போல மேலே தெரியும், உள்ளே அமுக்கினால் மறுபடி வெள்ளை வரும். அந்த வெள்ளை நிற்கும்வரை விடாதீர்கள். கடைசியில் உதறி, முடியை விரலால் நேராக்கி, தொங்கவிட்டோ படுக்கவைத்தோ உலர்த்துங்கள். முடி மேலே பார்க்க நிற்கவைத்தால் ஈரம் வேருக்குள் இறங்கிப் பட்டை துருப்பிடிக்கும்.

பன்றி முடி பிரஷைத் தண்ணீர் பெயிண்ட்டுக்கு வாங்க வேண்டாம். அந்த முடி தண்ணீரைக் குடித்து ஊதிப்போய்த் தொய்ந்துவிடும். எண்ணெய் பெயிண்ட்டுக்கு அது அருமை. தண்ணீருக்கு நைலான் அல்லது பாலியஸ்டர் முடி.

இரண்டு பூச்சுக்கு நடுவே பிரஷைக் கழுவ வேண்டியதே இல்லை. பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் போதும். தண்ணீர் ஆவியாக வழியில்லை, ஆக்சிஜன் நுழையவும் வழியில்லை. குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் தாங்கும். நான் ஒருமுறை எமல்ஷன் பிரஷைத் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்து, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து சுற்றி மேசையடியில்தான் வைக்கிறேன். மறுநாள் காலைவரை ஒன்றும் ஆகவில்லை.

ரோலர் பஞ்சு உறிஞ்சும் பெயிண்ட்டுக்கு அளவே இல்லை. கத்தியின் முதுகால் மேலிருந்து கீழாக வழித்து, வருவதை டின்னுக்கே திருப்பிவிடுங்கள். ஆச்சரியப்படும் அளவுக்கு வரும். எண்ணெய் பெயிண்ட் தொட்ட ரோலர் உறையைக் கழுவுவது என் கணக்கில் வீண். அதற்குச் செலவாகும் தின்னரின் விலைக்குப் புது உறையே வாங்கிவிடலாம்.

பிரஷ் கழுவிய தின்னரைக் கொட்டிவிடாதீர்கள். கண்ணாடிப் புட்டியில் ஊற்றி மூடி இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்தால் நிறமி அடியில் படியும். மேலே தெளிந்ததை வடித்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கசக்கிப் போட்ட துணி

இதை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள். ஆக்சிஜனேற்றம் வெப்பத்தை வெளியிடும். சுவரிலோ கேட்டிலோ மெல்லியதாகப் பரவியிருக்கும்போது அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். ஆனால் ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் வகை மரச்சாயமோ துடைத்த துணியைப் பந்தாகக் கசக்கி மூலையில் போட்டால், வெப்பம் மடிப்புக்குள் சிக்கிக்கொள்ளும். சூடு ஏற ஏற ஆக்சிஜனேற்றம் வேகமெடுக்கும், அது இன்னும் சூட்டைக் கூட்டும். தீக்குச்சியே இல்லாமல் துணி பற்றிக்கொள்ளலாம்.

1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22-ஆம் மாடியில் தீ தொடங்கியது இப்படித்தான், ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளிலிருந்து. தீயணைப்பாளர்கள் மூவர் இறந்தார்கள். மாடி வீட்டில் வாழும் நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. அப்படிப்பட்ட துணியைத் தண்ணீரில் நனைத்து, மூடி போட்ட தகர டின்னில் வையுங்கள், அல்லது ஒற்றையாக விரித்து நன்றாக இறுகவிட்டுப் பிறகு எறியுங்கள். சுவர் எமல்ஷன் துடைத்த துணிக்கு இந்த ஆபத்து இல்லை.

கழுவிய தண்ணீர் போகும் வழி

சிங்கப்பூரில் இரண்டு தனிப் பாதைகள் உண்டு. சமையலறைத் தொட்டியிலும் கழிவறையிலும் போவது கழிவுநீர்க் குழாய்க்குள் போகிறது. அதைச் சுத்திகரித்து, ஒரு பகுதியை 2003 முதல் ‘புதுநீர்’ (NEWater) என்ற பெயரில் மறுபடி பயன்படுத்தும் நீராக்குகிறார்கள். வீட்டுக்கு வெளியே நடைபாதையிலும் தரைத்தளத்திலும் மழைநீருக்காக வைத்திருக்கும் வடிகால் வேறு. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே விழும் மழை வடிகால், கால்வாய் வழியாக 17 நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேர்கிறது. 2008-இல் திறந்த மரினா அணைக்கட்டு நகரத்தின் நடுவிலேயே ஒன்றை உருவாக்கிக் கொடுத்தது.

ஆகவே நடைபாதையில் உட்கார்ந்து பிரஷைக் கழுவி வாளியை அங்கேயே கவிழ்ப்பது, நாமே குடிக்கப்போகும் தண்ணீரில் சாயம் கலப்பதற்குச் சமம். தாளில் துடைத்த பிறகு மிஞ்சும் மெல்லிய எமல்ஷன் தண்ணீரை வீட்டுக்குள் கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள். தின்னரையும் கெட்டி பெயிண்ட்டையும் எந்தக் குழாயிலும் ஊற்றக் கூடாது.

டின்னுக்குள் மூன்று எதிரிகள்

மிச்ச பெயிண்ட் கெடுவதற்கு வயது மட்டும் காரணமில்லை. காற்று, கிருமி, துரு, இந்த மூன்றும்தான்.

கால்வாசி பெயிண்ட் இருக்கும் 5 லிட்டர் டின்னில் முக்கால்வாசி காற்றுதான். எனாமலின் மேல் அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒரு தோல் போட்டுவிடும், காய்ச்சிய பாலில் ஆடை படிவது போல. ஆகவே மிச்சத்தைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கழுவிக் காயவைத்த ஊறுகாய்ப் புட்டியில் கழுத்துவரை நிரப்பினால் காற்றுக்கு இடமில்லை. ஏற்கெனவே தோல் விழுந்திருந்தால் அதைக் கலக்கிவிடாதீர்கள். ஓரத்தில் கத்தியால் வெட்டி முழுசாக எடுத்துவிட்டு, மீதியைக் கோப்பி வடிகட்டும் பழைய துணிப்பையில் வடித்தால் துணுக்குகள் நின்றுவிடும். அந்தப் பையை மறுபடி கோப்பிக்கு எடுக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

எமல்ஷனுக்கு இன்னொரு எதிரி கிருமி. அதில் தண்ணீர் இருக்கிறது, கெட்டிப்படச் சேர்த்த செல்லுலோஸ் (தாவர நார்ப்பொருள்) போன்றவையும் இருக்கின்றன. கெடாமலிருக்க மருந்து கலந்திருப்பார்கள் என்றாலும், சுவரைத் தொட்ட பிரஷை மறுபடி மறுபடி டின்னுக்குள் விட்டால் தூசும் கிருமியும் கூடவே போகும். நம் ஊர்ச் சூட்டில் அவற்றுக்குக் கொண்டாட்டம். பிறகு திறக்கும்போது அழுகிய முட்டை வாடை வரும், கெட்டித்தன்மை போய்த் தண்ணீராக ஓடும். ஊறுகாய் ஜாடியில் எச்சில் கரண்டி போடாதே என்று பாட்டிகள் கத்தியது இதற்கும் பொருந்தும். வேண்டியதை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு டின்னை மூடிவிடுங்கள்.

துரு மூடியின் பள்ளத்தில் தொடங்குகிறது. அங்கே பெயிண்ட் தேங்கினால் மூடி சரியாக உட்காராது. பள்ளத்தைத் துணியால் துடைத்து, மூடியின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். நேராகத் தட்டினால் மூடி நெளியும். நெளிந்த இடத்தில் காற்று நுழையும். டின்னைக் கவிழ்த்து வைக்கச் சொல்வார்கள். மூடி உண்மையிலேயே இறுக்கமாக இருந்தால் அது நல்ல யோசனைதான். இல்லையென்றால் தரைதான் பெயிண்ட் குடிக்கும். நான் கவிழ்ப்பதில்லை.

வெளிநாட்டு டின்களில் ‘உறைபனியிலிருந்து காக்கவும்’ என்று எழுதியிருக்கும். நமக்கு அந்தக் கவலை கிடையாது, வெயிலும் ஈரமும்தான் கவலை. துணி காயப்போடும் வெயில் பக்கமும் வேண்டாம், ஈரம் சொட்டும் தொட்டிக்கு அடியிலும் வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்ட்டரில் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையில்) கீழ்த்தட்டு எமல்ஷனுக்கு நல்ல இடம். தின்னரை அடுப்புக்கும் எரிவாயு உருளைக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், கூடிய மட்டும் குறைவாகவே வாங்குங்கள். பொது நடைபாதையில் டின்களை அடுக்கவும் கூடாது. அவசரத்துக்கு அங்கே குறைந்தது 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும், எரியும் பொருளுக்கு அது இடமும் இல்லை.

தேவையில்லாத கொஞ்ச எமல்ஷனைக் குப்பைக் குழாயில் அப்படியே போட்டால் வழியெங்கும் ஒழுகும். கிழித்த செய்தித்தாளோ பூனை மணலோ கலந்து, மூடியைத் திறந்து வைத்து இறுகவிட்டு, கட்டியானதும் பையில் கட்டி எறியுங்கள். அது எரியாலைக்குப் போய்ச் சாம்பலாகி, செமாக்காவ் தீவில் முடியும். அதைவிட, அளந்து வாங்குவது மேல். ஒரு லிட்டர், ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 10 முதல் 12 சதுர மீட்டர் வரும்.

போன மாதம் சுவரில் மகனின் சைக்கிள் உரசிய தடம். மிச்சம் வைத்த புட்டியை எடுத்தேன். மேலே ஒட்டிய தாளில் ‘ஹால், டிவி சுவர்’ என்று அறையும், நிற எண்ணும், தேதியும். மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்த்தேன், கெட்ட வாடை இல்லை. குச்சியால் அடிவரை கலக்கினேன், கட்டி இல்லை. செய்தித்தாளில் ஒரு கோடு இழுத்தேன், மணல் மணலாக வரவில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு, புட்டியை மூடிவிட்டு, சுவர்ப்பக்கம் போனேன்.